அம்புக்குறி மேல் பெயிண்ட்

முத்துக்கிருஷ்ணனின் ஜீப்பை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மனிதர் இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். குருவிகுளம் போகிற ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கரிசல் காட்டுக்குள் இருந்தது அவர் வீடு. மழை பெய்தால் அந்தப் பாதையில் சைக்கிள்கூட நகராது. அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை கொடுத்து வண்டியை நாலு அங்குலம் உசத்தினார். ஏற்கெனவே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதில் உசரமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! சங்கரன்கோவில் கடைவீதியில் அதை நிறுத்தி இறங்கும்போது மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்குகிற தோரணைதான். வண்டி வேலை எல்லாமே அவர் கைதான். ஊரில் மெக்கானிக் என்று ஆட்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்கிற ரகம்.

உசத்தின நாளிலிருந்தே ஐம்பதைத் தாண்டினால் வண்டியில் லேசாக ஓர் அதிர்வு இருந்தது. உசந்த வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதி, அதை அவரே ஏற்றுக்கொண்டும் விட்டார்.

சித்திரையில் அவர் மனைவி பொன்செல்விக்குப் புற்றுநோய் கண்டது. மார்பில் வந்தது, தெரிவதற்குள் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டிருந்தது. இருபத்தொரு நாளைக்கு ஒருதடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல்தடவை வாடகைக் காரில் போனார்கள். முதுகை மடக்கி உட்கார முடியாமல் தேவர்குளம் வருவதற்குள் அழுதுவிட்டாள். அடுத்த தடவையிலிருந்து ஜீப்பின் பின்பக்கத்து பெஞ்சுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, அவளை நீட்டிப் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தாள்.

ஆயுதபூசை முடிந்து ஒருதடவை போய் வந்தார்கள். அதற்கடுத்த தடவை, கிளம்ப வேண்டிய காலையில், "நான் இந்த வாட்டி வரல. உடம்பு தேவலாம் போல இருக்கு" என்றாள். இருபத்தொரு நாள் கழித்தும் அதே பேச்சு. கெஞ்சிப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார். திருப்பூரிலிருந்து மகள் சண்முகப்ரியா போனில் அழுதாள். பொன்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிழைக்கிற எண்ணமே போய்விட்டது என்று நினைத்து முத்துக்கிருஷ்ணன் தொழுவத்தில் போய் நின்று அழுதார். மருந்து ஏற்ற வேண்டிய அடுத்த தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதையும் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வண்டியின் அதிர்வும் இந்த இரண்டு மாதமாகக் கூடிப்போயிருந்தது. டயரை மாற்றிப் பார்த்தார், சக்கரம் சமமாகச் சுற்ற ஈயம் வைத்துப் பார்த்தார். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் வீம்பைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு, ராஜபாளையம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக் ரசூலிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அண்ணாச்சி நம்ம ஷெட்டுக்கு வந்துட்டிய! இன்னைக்கு மழைதான்" என்றான் ரசூல். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திக்கொண்டான். "நான் ஓட்டுதேன். நீங்க பின்னால படுத்து, எங்கன இருந்து வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அதுவரை அந்த மெத்தையில் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. நாற்பது வரைக்கும் ஒன்றுமில்லை. ஐம்பதைத் தொட்டதும் முதுகுக்கு நேர் கீழே அதிர்வு பிடித்துக்கொண்டது. மெத்தை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. பல்லைக் கிட்டவைத்து, இடுப்பெலும்புக்குள் புகுந்து, மண்டை வரைக்கும் ரம்பம் போல ஏறியது. ஸ்டீயரிங்கில் கை நடுங்குவதுதான் அதிர்வு என்று நினைத்திருந்தார், பாவி மனுஷன். எதையாவது பிடித்தால் தேவலை என்று கையை நீட்டினார். பக்கவாட்டுக் குழாய் கையில் சிக்கியது. ஆயுதபூசைக்கு அவர் அடித்த புதுப் பெயிண்ட் அந்த ஒரு கையளவு இடத்தில் மட்டும் உரிந்து, நகம் நகமாகக் கீறியிருந்தது.

"நிறுத்துவே! ரசூலு, வண்டிய நிறுத்து!"

ரசூல் ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தான். முத்துக்கிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. "இதுலயா அவளப் போட்டு அம்பது அறுபது கிலோமீட்டரு கொண்டுபோனேன்? ஐயோ, இதுலயா போட்டேன்?" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஏன் வரமாட்டேன் என்றாள் என்பது இப்போது அவருக்கு விளங்கிவிட்டது.

ஷெட்டில் வண்டிக்கு அடியில் போன ரசூல் ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்தான். பிறகு அங்கிருந்தே கேட்டான். "புரப்பல்லர் ஷாஃப்டை யாரு கழட்டுனா?"

"நான்தான். ஆயுதபூசைக்கு."

கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற அந்த நீளக் குழாயை அவர் பூசைக்கு முந்தின நாள் கழற்றி, இரண்டு துண்டாக உருவி, டீசலில் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, மறுபடி மாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். இரும்புச் சாமானுக்கு வருஷத்தில் ஒரு நாள் வருகிற மரியாதை அது. ரசூல் ஸ்க்ரூடிரைவரால் பெயிண்டைச் சுரண்டினான். துண்டுக்கு ஒன்றாக இரண்டு அம்புக்குறிகள் வெளியே வந்தன. ஒன்றை ஒன்று பார்த்து நிற்க வேண்டியவை, ஒன்று கிழக்கே பார்த்தால் ஒன்று தெற்கே பார்த்தது.

"இது ரெண்டும் நேருக்கு நேரா வந்தாத்தான் ரெண்டு முனையிலயும் இருக்க கிராஸு மூட்டு சேந்து சுத்தும் அண்ணாச்சி. வண்டிய உசத்துனதுலயே கோணம் கெட்டுப் போச்சு. அதுக்கு மேல இதையும் மாத்தி மாட்டிட்டிய" என்று மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் கட்டையெல்லாம் பிடுங்கிப் போடுவே. எனக்கு உசரமும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

"இந்த மழையில உசரத்த எடுத்தா உங்க பாதையில வண்டி பொதஞ்சிரும். மதினியத் தோள்லயா தூக்கிட்டு வருவிய? உசரம் கெடக்கட்டும். அச்சுக்கும் கட்டைக்கும் நடுவுல ஆப்புத்தகடு குடுத்து, அச்சு மூஞ்சிய ஷாஃப்டப் பாக்க நிமித்திருவோம்."

இரண்டு நாள் ஆனது. அம்புக்குறிகளை நேராக்கினான், இரண்டு கிராஸையும் புதிதாக மாற்றினான். முதல் ஆப்பின் தடிமன் அதிகமாகி வண்டி முனகியது. அதை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒன்றைக் கடைந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முத்துக்கிருஷ்ணன் பின்னால் ஏறிப் படுத்தார், வேறு யாரையும் படுக்கவிடவில்லை. கடைசி ஓட்டத்தில் ஐம்பது போனது, அறுபது போனது, எழுபது என்று ரசூல் கத்தினான். முதுகுக்குக் கீழே ரோடு மட்டும்தான் ஓடியது.

வீட்டில் வந்து, "ஏட்டி, வண்டி சரியாயிட்டு" என்றார்.

பொன்செல்வி திரும்பிப் பார்த்தாள். "ஆட்டம் போயிட்டா?"

"படுத்துப் பாத்துட்டேன். இல்ல. நீ ஏன்ட்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா? அந்த வண்டிய ஒண்ணு சொன்னா ஒங்க மூஞ்சி தொங்கிரும்லா" என்று சிரித்தாள். "சரி, போவோம்."

போகும்போது பனவடலிசத்திரம் தாண்டியதும் பேச ஆரம்பித்தவள் மானூர் வரைக்கும் ஓயவில்லை. வண்டியின் பின்வாசல் வழியாகக் காற்றாலைகளை எண்ணினாள், பாதியில் எண்ணிக்கை தப்பி மறுபடி எண்ணினாள். மகளுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பா வண்டி தண்ணில போற மாதிரி போவுது" என்றாள். பிறகு தூங்கிப்போனாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார் முத்துக்கிருஷ்ணன். அந்த ஒரு மணி நேரம் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

டாக்டரம்மா புது ஸ்கேன் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "இனி மருந்து ஏத்த வேண்டாம். உடம்பு தாங்காது. வலிக்கு மட்டும் எழுதித் தாரேன். அலைய வேண்டாம், வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்க" என்றார். சீட்டைப் புரட்டிப் பார்த்தவர், "நடுவுல ஏன் ரெண்டு தடவை வரல?" என்று கேட்டார்.

முத்துக்கிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் ஊசின்னா பயமா இருந்துச்சு டாக்டர்" என்றாள் பொன்செல்வி. "அவுக கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாக."

அவளை வண்டியில் படுக்கவைத்துவிட்டு அவர் மட்டும் திரும்ப உள்ளே ஓடினார். "அந்த ரெண்டு தடவ வந்திருந்தா சரியாயிருக்குமா டாக்டர்?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முத்துக்கிருஷ்ணன் அதைச் சுமந்துகொண்டு வந்து வண்டியை எடுத்தார்.

சங்கரன்கோவில் வந்ததும், "வீட்டுக்கு இப்பவே போகணுமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "படுதாவச் சுருட்டிக் கட்டிட்டு, சிவகிரிப் பக்கம் விடுங்களேன். மலையப் பாத்து எத்தன நாளாச்சு!"

படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டுச் சிவகிரி ரோட்டில் திருப்பினார். சாயந்தர வெயிலில் மலை நீலமாக நெருங்கி வந்தது. வண்டி அறுபதில் சத்தமில்லாமல் போனது. பொன்செல்வி கையைத் தலைக்கு வைத்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரசூலு கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்" என்றாள். "முன்னாலேயே இப்பிடி ஓடியிருந்தா நான் வராம இருந்திருப்பனா?"

குத்திக்காட்டவில்லை அவள். நல்ல சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வது மாதிரி நிறைந்த மனதோடுதான் சொன்னாள். முத்துக்கிருஷ்ணனால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஒரு புளியமரத்துக்குக் கீழே ஓரங்கட்டினார்.

"செல்வி, அது தானாக் கெடல. பூசைக்குப் பெயிண்ட் அடிச்சு, குறிய மறச்சு, மாத்தி மாட்டுனது நான்தான். ஒனக்கு அந்த வலியக் குடுத்தது நான்தாண்டி."

திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பஸ் கடந்து போனது.

"சரி" என்றாள் பொன்செல்வி. குரல் உடைந்திருந்தது. "நிறுத்தாதீங்க. வலியில்லாம இருக்கும்போதே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.