படகு போகாத நாள்

உமாமகேஸ்வரிக்கு அந்தக் கதையைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வரும். எவனோ பள்ளிக்கூடத்துத் தலையில் கட்டிவிட்டுப் போன வாசிப்புப் புத்தகம். கரையில் ஒரு மீனவன் மல்லாந்து கிடக்கிறான், எதிரே படகெல்லாம் கடலுக்குப் போகிறது. அவன் ஏன் போகவில்லை? சோம்பேறி, குடிகாரன், அதனால்தான் ஏழை. முடிந்தது கதை. எழுதின மகராசன் கடலைச் சினிமாவில்தான் பார்த்திருப்பான்.

நயினார்கோவில் பக்கத்து வயக்காட்டுக்காரி அவள், ராமேஸ்வரம் தீவுக்குத் தமிழ் டீச்சராக வந்தவள். எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், இதை யார் சொல்கிறார், யாரைப் பேசவே விடவில்லை என்று கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் சும்மா விடுமா? லீமாரோஸ்தான் முதலில் எழுந்தாள். புத்தகத்தில் போட்டிருக்கிற படத்தில் போவதெல்லாம் விசைப்படகு, ரெண்டுக்கும் தனித்தனி நாள், விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு இறங்கக்கூடாது, நாட்டுப்படகுக்காரரான எங்கப்பாவும் அன்னைக்கு இப்படித்தான் படுத்துக் கிடப்பார் என்றாள். உமாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆய்வுக்கு அதிகாரி வரும்போது இதையே சொல்லு தாயி என்றாள்.

விஷயம் தலைமையாசிரியர் தர்மராஜ் காதுக்குப் போனது. மனுஷன் குதிகுதியென்று குதித்தார். புத்தகத்தைக் குறை சொன்னால் உங்க டீச்சருக்குத்தான் மெமோ வரும் என்று அந்தப் பிள்ளையை மிரட்டி, கைடில் இருந்த விடையை மனப்பாடம் பண்ணவைத்தார். ஆய்வு நாள் காலையில்தான் உமாவுக்குத் தெரியவந்தது. எனக்காகப் பயப்படாதே என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டு மனுப் போட்டிருந்தாள், மெமோ வந்தால் அது போச்சு. வாயை மூடிக்கொண்டாள். சீ, என்ன பிழைப்பு.

பெற்றோரும் வந்திருந்தார்கள். லீமாரோஸின் அப்பா சவேரியார் தேய்த்த சட்டையோடு முன்வரிசையில் இருந்தார். அந்த மீனவன் ஏன் ஏழை என்று அதிகாரி கேட்டார். லீமாரோஸ் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"சோம்பலும் குடியும்தான் சார் காரணம்."

கைதட்டல். சொல்லிக்கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்க, டீச்சருக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பிள்ளை அவளைக் கைகாட்டியது. தர்மராஜ் இளித்துக்கொண்டே ஓடிவந்து உமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கூட்டம் கலையும்போது சவேரியார் கிட்டே வந்தார். கோபமெல்லாம் இல்லை.

"வீட்டுல வந்து புள்ள வேற மாதிரில்ல சொல்லுச்சு டீச்சர். எங்கப்பா சோம்பேறி இல்லன்னு டீச்சரே ஒத்துக்கிட்டாங்கன்னு அன்னைக்குப் பூராம் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துப் போடக்கூடக் கை வரவில்லை.