அவள் திரும்பும் இடம்

பதினோராவது தடவையாக அந்தப் பெண் திரையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து துடுப்புப் போட்டபடி வந்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு விநாடி. முதல் முப்பத்தைந்தில் முதுகு மட்டும்தான் தெரியும். கடைசி ஏழில் திரும்பி முகத்தைக் காட்டுவாள். புதிதாக வரப்போகும் வீடியோ கேமில் செத்தவர்களை அக்கரை சேர்க்கிறவள் அவள். அவளை முதன்முதலாக வெளியே காட்டும் டிரெய்லரைத் தொகுத்து, பொருத்தமான இசையைத் தேர்ந்து கொடுப்பது அக்காவின் வேலை. முரசு போட்டாள். "சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்று கேமின் டைரக்டர் திருப்பி அனுப்பினார். வயலினுக்கு "ஒரே அழுகாச்சி" என்றார். புல்லாங்குழலுக்குப் பதிலே இல்லை. இன்று நான்கு மணிக்குள் சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் காலையில் சொல்லிவிட்டார். போன மாதமும் ஒரு வேலை இப்படித்தான் அக்காவின் கையைவிட்டுப் போனது. இரண்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து எனக்கு வீட்டுவேலைதான். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க வராது. அக்கா திடீரென்று நாற்காலியைத் திருப்பினாள்.

"ஏய் உம்மணாமூஞ்சி, இப்ப என்னமோ முனகினியே, அதைத் திரும்ப முனகு."

"நான் ஒண்ணும் முனகலையே."

"முனகுன. சும்மா டம்மிக்குத்தான்டி. அவ எங்க திரும்பணும்னு கணக்குப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவேன்."

நல்ல இசை கிடைக்கும்வரை இடத்தை அடைக்கப் போட்டு வைக்கும் சத்தத்துக்கு டம்மி என்று பெயர். போனை என் வாயருகே நீட்டினாள். ஒரு நீண்ட இழுப்பு, பிறகு மேலே ஏறும் இரண்டு குட்டி இழுப்பு. எனக்கே அப்போதுதான் கேட்டது.

அதை வைத்துக் கணக்குப் பார்த்த பிறகு அக்கா மறுபடி முரசைச் சேர்த்து இன்னொரு வீடியோ செய்தாள். அவசரத்தில் அதற்குப் பதிலாக டம்மி இருந்ததை அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் டைரக்டர் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், தப்பா வந்துருச்சு, அது டம்மி. இப்பவே மாத்தி…"

"மாத்தாதீங்கம்மா. கை வச்சா கெட்டுடும். கடைசில ரெண்டு குட்டியா வருது பாருங்க, அங்கதான் அவ திரும்புறா. அந்தக் குரல்தான் அவளைத் திருப்புது. யார் மெட்டுன்னு ஒரு வரி எழுதி, பாடினவங்க கையெழுத்தோட நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

போனை வைத்ததும் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "கள்ளி. எங்கடி புடிச்ச இதை?"

"அம்மாவோடது."

அவள் முகம் இளகியது. "நம்மளத் தூங்க வைக்கப் பாடுவாங்களே, அதா? எனக்குக்கூட லேசா ஞாபகம் இருக்கு."

இருக்க வாய்ப்பில்லை. அம்மா பாடி நாங்கள் கேட்டதே கிடையாது. பக்கவாதம் வந்து பேச்சு போனபின், சாகும்வரை இருந்த பதினான்கு மாதமும் அந்த முனகல்தான் அவள் பாஷை. நீண்டது ஒன்று மட்டும் வந்தால் தண்ணீர். அதோடு குட்டி இரண்டும் சேர்ந்தால், திருப்பிப் படுக்க வை. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதற்காகத்தான் என் பள்ளிக்கூடம் நின்றது. அக்கா அப்போது வேறு ஊரில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள். வந்தது இரண்டே தடவை. அந்த நாட்களில் அம்மா, விருந்தாளி முன்னால் இருப்பவள் போல, வாயைத் திறக்கவே மாட்டாள். நான் மட்டும் இருக்கும் மதியங்களில் கூப்பிடுவாள். சில மதியங்களில் அது காதில் விழுந்தும் அடுப்படியிலேயே நின்றிருக்கிறேன். நாலு தரம், ஐந்து தரம் கூப்பிட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொள்வாள்.

அக்கா தட்டச்சு செய்ததை வாசித்தாள். "'எங்கள் அம்மா பாடிய தாலாட்டு.' சரிதானே?"

மணி மூன்றே முக்கால். உண்மையைச் சொன்னால், இந்தச் சத்தத்தை அவளே டிரெய்லரிலிருந்து எடுத்துவிடுவாள். வேலையும் போய்விடும். அதைவிட, இனி அம்மாவை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கூப்பிடுதல்தான் கேட்கும்.

"சீக்கிரம் சொல்லுடி, மணி ஆகுது."

"சரிதான்" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்பி முடித்ததும் அக்கா, மடிக்காமல் கிடந்த துணிகளின் மேலேயே சரிந்து தூங்கிப்போனாள். ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கை உடம்புக்கடியில் மடங்கி நசுங்கி, விரல்நுனிகள் வெளுத்திருந்தன. பக்கத்தில் முழங்காலிட்டேன். என் ஒரு கை தானாக அவள் தோளுக்கும், இன்னொன்று இடுப்புக்கும் போயின. அவள் ஏதாவது சத்தம் கொடுக்கிறாளா என்று குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.