வாத்துகள் ஆள் எண்ணும் ஞாயிறு

நொச்சிக்குளத்தில் ஆள் எண்ணுவது வாத்துகளின் வேலை. மார்கழிக் கடைசி ஞாயிறன்று வரித்தலை வாத்துகள் மலை தாண்டி வந்து இறங்கும். ஊரே குளித்துவிட்டுக் கரையில் வரிசையாக நிற்கும். வாத்துகள் நடந்து, எண்ணி, இயற்கை அருங்காட்சியகத்து ஏட்டில் எழுதிவிட்டுப் போகும். மூன்று வருஷம் தொடர்ந்து கண்ணில் படாதவர், ஊரில் அற்றுப்போனவர். அவருக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி. ஒரு தபால்காரர் ஏற்கெனவே இருக்கிறார், கீரிக்குப் பக்கத்தில்.

அங்கே பெருக்கித் துடைக்கும் சண்முகவடிவு இரண்டு வருஷமாகக் கண்ணில் படவில்லை. எப்படிப் படுவாள்? ஊர்மக்கள் எல்லாரும் பங்கெடுக்க வேண்டுமென்று பறவை ஆர்வலர் சங்கம் தீர்மானம் போட்டதிலிருந்து, இருநூற்றுப் பதினோரு பேருக்கும் டீ போடுவது அவள் பங்கு. வாத்துகள் வரும்போது அவள் அருங்காட்சியகப் பின்கட்டில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமையே அவளுக்கான பெட்டி வந்துவிட்டது. அதைத் துடைக்கச் சொன்னதும் அவளிடம்தான். துடைத்தாள்.

ஞாயிறு காலை முதல் ஆளாகக் கரையில் போய் நின்றாள். சங்கச் செயலாளர் அருமைநாயகம் வந்தார்.

"ஏ வடிவு, நீ இங்க நின்னா டீ யாரு போடுவா?"

"குடிக்கிறவங்க போடட்டும் அண்ணாச்சி."

"பெட்டிக்குப் பேர் அட்டைகூட எழுதியாச்சே."

"அதை அழிச்சிட்டு உங்க பேர எழுதிக்கிடுங்க. பதினோரு வருஷமா உங்க எச்சில் தம்ளரைக் கழுவுத கை இது. இன்னைக்கு நான் நகர மாட்டேன்."

அவர் தானே டீ போடப் போனார். தேயிலை டப்பா எது என்று தெரியவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். போனவருக்குத் தீப்பெட்டி அகப்படவில்லை. இன்னும் நாலு பேர் போனார்கள். குளிரில் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் இருநூற்றுப் பதினோரு பேரும் அந்தச் சின்னப் பின்கட்டில் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தார்கள். நாள் தவறாமல் குடிக்கிற டீ. ஒரு பயலுக்காவது போடத் தெரிந்தால்தானே!

வாத்துகள் இறங்கின. கரையை முழுக்க நடந்தன. ஏட்டில் எழுதின: மனிதர், பெண், ஒன்று.

இனத்தில் ஒன்றே மிஞ்சினால் காலில் வளையம் போட வேண்டும். மூத்த வாத்து அலகில் அதைக் கொண்டுவந்தது. சண்முகவடிவு சேலையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலை நீட்டினாள்.

"இறுக்கிப் போட்டுராதீங்க. சாயங்காலமானா வீங்கும்" என்றாள்.