எழுதிய தாளில் வெள்ளைப் பூ

"நீ பேசாத பேச்செல்லாம் எங்க கண்ணு போகுது?"

பாப்பாயி இப்படிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வந்தவள், ருக்குமணி வீட்டு வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டே கேட்டாள். ருக்குமணி அதற்கும் பதில் சொல்லவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் எழுப்பி ஏதோ கேட்டபோது, பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்று, சிரிப்புக்கு ஆளாகி, மறுநாள் முதல் போகவே மாட்டேன் என்று வீட்டோடு நின்றுவிட்டவள் அவள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

ஆனால் பாப்பாயிக்கான பதில் அவளுக்குத் தெரியும். பரண்மேல் பழைய தவிட்டுப் பானைக்குள் அவள் எழுதி நிரப்பிய நான்கு நோட்டுகள் இருந்தன. ஐந்தாவது நோட்டு, இப்போது அவள் தூக்கிக்கொண்டு மலையேறும் கட்டுச்சோற்று மூட்டைக்குள், துண்டில் சுற்றிக் கிடந்தது. வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை. சென்ற பன்னிரண்டு நாளாக நடந்ததெல்லாம் அதில் இருந்தது.

பன்னிரண்டு நாளாக அவளுடைய அண்ணன் செங்கோடன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது சேலம் காலேஜை விட்டுவிட்டு விமானப் படையில் சேர்ந்தவன். பர்மா எல்லையில் ஒற்றை ஆள் விமானம் ஓட்டினான். யுத்தம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள். சென்னையில் தங்கிப் பரீட்சை எழுதி, பயணிகளை ஏற்றிப் பறக்கும் லைசென்ஸும் வாங்கிவிட்டான். ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகளிலிருந்து கடிதம் வந்தது. அன்று பிடித்த ஆட்டம். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான். கரியில் ஓடும் பஸ் புகைவிட்டு வந்து நின்றால், ஏதோ தனக்காக வந்ததுபோல் எட்டிப் பார்ப்பான். ஒரு நாள் காலையில் காணாமல் போனவன் மலைமேல் செம்மேடு வரை நடந்துவிட்டு, பொழுது சாயத் திரும்பி வந்தான். எதற்குப் போனாய் என்றால் தெரியவில்லை என்றான்.

"ஒரு எடத்துல நிக்கமாட்டேங்கறான். இவன் கையில நாலு பேரைக் குடுத்து ஆகாசத்துல அனுப்பறானுவளே, அவனுகளைச் சொல்லணும்" என்றாள் அம்மா. மாடு கன்று இருப்பதால் அவள் இன்று மலைக்கு வரவில்லை.

ஒரு கடிதம் பம்பாயிலிருந்து. பழைய பெரிய கம்பெனி. மூன்று வருஷ ஒப்பந்தம். முதல் இரண்டு வருஷம் வலது சீட்டில் உட்கார வேண்டும். வலது சீட்டு என்றால் இரண்டாம் பைலட். முதல் பைலட்டான இடது சீட்டுக்காரர் சொல்லும்போது சக்கரத்தை மேலே தூக்க வேண்டும், சொல்லும்போது கீழே இறக்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும்.

இன்னொன்று சென்னையிலிருந்து. கோயமுத்தூர் மில்லுக்காரர் ஒருவர் புதிதாகத் தொடங்கியது. யுத்தத்தில் ஓடி ஓய்ந்த டகோட்டா விமானங்கள் மூன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். வந்து சேர்ந்த மறுமாதமே இடது சீட்டு. தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வரலாம்.

"இதுல யோசிக்க என்னடா இருக்குது?" என்பார் அப்பா அப்புசாமி. "முதலாளி நம்ம சனம். ராத்திரி ரயில் ஏறினா காலையில மெட்ராஸு. பம்பாயில போயி இன்னொருத்தன் பக்கத்துல கையக் கட்டி உக்காரப் போறியா?"

அவன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் பதில் தந்தி போய்ச் சேர வேண்டும். இன்று வெள்ளி. ராசிபுரத்துத் தந்தி ஆபீஸிலிருந்து இரண்டு பாரங்கள் வாங்கி வந்து, இரண்டு விலாசங்களையும் எழுதி, 'சேருகிறேன்' என்று இரண்டிலும் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினான். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா முடிவாகச் சொன்னார்: "பெரியண்ணசாமிகிட்டப் பூக் கேட்டுரலாம்."

அதற்குத்தான் இந்த மலையேற்றம்.

அப்பா நிதானமாக ஏறினார். ருக்குமணி அவர் பின்னால் போனாள். செங்கோடன் இரண்டு வளைவு முன்னால் போய்விடுவான், பிறகு திரும்பி இறங்கி வருவான், மறுபடி ஏறுவான். ஒரே மலையை அவன் இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்தான்.

"மெல்லப் போடா. சாமி எங்கயும் ஓடிப் போகாது" என்றார் அப்பா.

"மழை வரும்போல இருக்குதுங்கப்பா."

"வந்தா நனைஞ்சுக்கலாம். நீ என்ன, வெல்லமா?"

ருக்குமணி தன் காலடியைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று அவளுக்குத் தெரியும். நான்கு நாள் முன்னால், கிணற்றடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது செங்கோடன் வந்து படியில் உட்கார்ந்தான். அவளிடம் சொன்னால் யாருக்கும் போகாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுவரிடம் சொல்வதுபோல் அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து போனான். அன்று மத்தியானமே அவள் அதை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்தாள்.

அப்போதிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை. அண்ணன் சென்னைக்குப் போகக் கூடாது. அதை யாரிடம், எப்படி வாய் திறந்து சொல்வது? மூன்று தடவை அவன் பின்னால் போய் நின்றாள். மூன்று தடவையும் அவன் திரும்பி, "என்ன ருக்கு?" என்றான். மூன்று தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

மலை ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டுக்குள் நுழையும்போது தூறல் பிடித்துக்கொண்டது. சாமைக் காட்டு ஓரத்தில், பலாமரத்தடியில் பெரியண்ணசாமி. கூரை கிடையாது; நட்ட கல்லும் நான்கு வேலும்தான். பூசாரி சின்னக்கண்ணு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி பாப்பாயி.

"வாங்க, வாங்க. இந்த மழையில வாரீங்களே, கல்யாணங்களா?" என்றார் பூசாரி.

"வேலைங்க. பையனுக்கு ரெண்டு எடத்துல கூப்படறாங்க. எங்க போறதுன்னு சாமி சொல்லோணும்."

பாப்பாயி செங்கோடனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தம்பிதானே ஏரோப்ளேன் ஓட்டறது? ரெண்டு வருசம் முந்தி எங்க சோளக் காட்டு மேல ஒண்ணு பறந்துதுங்க. எங்காட்டுக் கிளி பூராப் பறந்து போச்சு. தெனமும் அப்படி ஒருக்கா வந்தீங்கன்னா எனக்குக் கிளி ஓட்டற வேலை மிச்சம்."

செங்கோடன் சிரித்தான். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு.

அந்தக் கோயிலில் பூக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. வீட்டுக் கன்னிப்பெண் அவற்றை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய், வேறு யாரும் பார்க்காமல் ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும். பூசாரி வாங்கிக் குலுக்கிக் கல்லின் முன்னால் போடுவார். கேட்டு வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கேட்ட காரியத்தைச் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"என்னன்னு கேக்கறதுங்க?" என்றார் பூசாரி.

"மெட்ராஸ் போலாமான்னு கேளுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"பம்பாய் போலாமான்னு கேட்டா ஆகாதுங்களா?" என்றாள் பாப்பாயி. "கேள்வியையும் நீங்களே போட்டுட்டா அப்புறம் சாமிக்கு என்னங்க வேலை?"

"நீ சும்மா இரு பாப்பாயி. வழக்கமா நல்ல காரியத்தைத்தான் கேக்கோணும்."

பூசாரி ருக்குமணியின் கையில் ஒரு கை நிறைய அரளியைக் கொடுத்தார். "நல்லதாப் பாத்து ஒண்ணொண்ணு எடுத்துக்க கண்ணு. எலையில கட்டாத. நனைஞ்ச எலையில நூலு நிக்காது. போன மாசம் ஒரு பொட்டலம் விழும்போதே அவுந்து வெள்ளை தெரிஞ்சு போச்சு. அதை எடுத்தவனும் பங்காளியும் இந்த எடத்துலயே அடிச்சுக்கிட்டானுவ. காயிதத்துலதான் கட்டோணும்."

காகிதத்துக்கு எங்கே போவது? யுத்தம் முடிந்தும் காகிதத் தட்டுப்பாடு தீரவில்லை; கடைக்காரர் புளியைக்கூட இலையில்தான் கட்டித் தந்தார். அப்பா செங்கோடனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அது தந்தி பாரங்கப்பா. கிழிச்சா எதை அனுப்பறது?"

"அம்மிணி, மூட்டைக்குள்ள ஏதாச்சும் காயிதம் கெடக்குதா பாரு."

ருக்குமணி சரி என்று தலையை ஆட்டினாள். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனாள்.

நோட்டைத் திறந்தாள். கடைசித் தாள் ஒன்றுதான் வெறுமையாக இருந்தது. அதைக் கிழித்தாள். இன்னொன்று வேண்டும். முதலிலிருந்து புரட்டினாள். எல்லாம் எழுதியது, விளிம்பு வரைக்கும் எழுதியது. அம்மாவோடு போட்ட சண்டை. அத்தை மகன் வீட்டார் பெண் பார்க்க வந்துபோனது. யார் கண்ணிலும் படக் கூடாதவை. எந்தத் தாளைக் கிழித்தாலும் தன் தோலைக் கிழித்து நடுக்கோயிலில் போடுவது போலத்தான்.

கிணற்றடித் தாள் வந்தது. அவள் கை நின்றது.

அவள் மடியில் சிவப்பு அரளி ஏழெட்டுக் கிடந்தது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டிவிட்டால் என்ன? எதை எடுத்தாலும் சிவப்பு. அண்ணன் பம்பாய்க்குப் போவான். யாருக்கும் தெரியாது. அவள் இரண்டாவது சிவப்பை விரல்களுக்கிடையில் எடுத்துப் பிடித்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் பூசாரி மணியை ஒரு தட்டுத் தட்டினார். பூ கை நழுவி விழுந்தது. சாமியை ஏமாற்ற அவளுக்குத் துணிச்சல் இல்லை.

சிவப்பை வெறுந்தாளில் வைத்துக் கட்டினாள். கிணற்றடித் தாளை ஓசையில்லாமல் கிழித்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, வெள்ளைப் பூவை அதில் வைத்தாள். அதன் பின்பக்கத்தில் மட்டும் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. மை ஊறித் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. மஞ்சள் நூலால் நான்கு சுற்று. சிவப்பு வந்தால் அந்தத் தாளை யாரும் பிரிக்க மாட்டார்கள்; எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி அப்படியே நெருப்பில் போட்டுவிடுவது வழக்கம். வெள்ளை வந்தால் அண்ணன் பிரிப்பான்.

பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குளிர் என்று நினைத்துப் பாப்பாயி தன் முந்தானையை அவள் தோளில் போட்டாள்.

பூசாரி கண்ணை மூடிக் குலுக்கினார். பொட்டலங்கள் கல்லின் முன்னால் விழுந்தன. செங்கோடன் குனிந்தான். இடது பக்கத்தில் கிடந்ததைத் தொட்டான். விட்டான். வலது பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொட்டதை விடக்கூடாதுங்க தம்பி" என்றார் பூசாரி. "சந்தையில கத்திரிக்காய் பொறுக்கறீங்களா?"

அவன் முதலில் தொட்டதையே எடுத்தான். நூலைப் பிரித்தான். அப்பா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"வெள்ளை!" அவர் குரல் மலையில் மோதித் திரும்பியது. "பாத்தியாடா! நான் சொன்னா ஒறைக்கல, இப்ப சாமியே சொல்லிருச்சு! மெட்ராஸ்தான்டா, மெட்ராஸ்தான்!"

பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்தார். அப்பா கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டார். செங்கோடன் நிமிரவில்லை. பூ அவன் உள்ளங்கையில் இருந்தது. அவன் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். ஈரப் பூ பட்ட இடத்தில் மட்டும் மை கொஞ்சம் கரைந்திருந்தது.

'அண்ணன் சொன்னது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு புத்தகம் உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது பிரித்துப் பூட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கும். வேலை கேட்டுப் போனபோது சென்னைக் கம்பெனியில் அதைக் கேட்டேன், இன்று வரும் நாளை வரும் என்றார்கள். விமானத்தின் அடியில் எண்ணெய் சொட்டியதை ஒருத்தன் நான் பார்ப்பதற்குள் துடைத்தான். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். அந்த இடது சீட்டு அவ்வளவு ஆசையாக இருந்தது. யுத்தத்தில் நான் ஒருத்தன்தான் விழுவேன். இதில் என் முதுகுக்குப் பின்னால் இருபத்தொரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.'

அதற்குக் கீழே, அவளுடைய சொந்த வரி ஒன்று: 'தெரிந்துகொண்டே போவானா?'

"என்னடா அது, காயிதத்துல?" என்றார் அப்பா எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே. "மளிகைச் சீட்டா?"

செங்கோடன் தாளிலிருந்து கண்ணை எடுத்து ருக்குமணியைப் பார்த்தான். அவள் பலாமரத்தைப் பார்த்தாள். பாப்பாயி தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிறகு ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். "ஓ..." என்று இழுத்தாள். "அங்கதான் போகுதா?"

"எது எங்க போகுது?" என்றார் அப்பா.

தூறல் நின்றிருந்தது. பன்னிரண்டு நாளாக ஓயாமல் ஆடிய செங்கோடன் கல் மாதிரி நின்றான். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதே பையிலிருந்து இரண்டு தந்தி பாரங்களையும் வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தான். ஒன்றைத் திரும்பப் பைக்குள் வைத்தான். வெள்ளைப் பூவைக் கல்லின் முன்னால், நடுவில் இருந்த இரண்டு வேல்களுக்கு இடையில் வைத்தான்.

"டேய், பூவை ஊட்டுக்குக் கொண்டுபோகோணும்டா! அங்க எதுக்கு வெக்கற?"

செங்கோடன் ருக்குமணியிடம் வந்தான். மற்ற பாரத்தை அவள் கையில் கொடுத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டான். அவள் மெல்லத் திறந்தாள். சென்னை விலாசம். பாரத்தின் பின்பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது.

"டேய் செங்கோடா! சாமி குடுத்த வாக்குடா!" அப்பா கத்தினார். "எங்கடா போற? தந்தி குடுக்கவாடா? எந்த ஊருக்குடா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவர்கள் வந்த வழியில், முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கினான். இந்தத் தடவை முன்னால் போய்த் திரும்பி வரவில்லை. ஒரே சீராக இறங்கினான். 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் சாமைக் காட்டைத் தாண்டி, முதல் வளைவில் மறைந்தான்.