நான்-வெஜ் பில்டு

இரண்டு மணிக்கு மறுபடி பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். கறுப்பு ரப்பர் பட்டை, உள்பக்கம் ஒரு பச்சை விளக்கு. ஆஞ்சலாவின் மணிக்கட்டு ஒல்லி. கடைசி ஓட்டையில் மாட்டினாலும் பட்டை நழுவிக்கொண்டே இருக்கும். "டைட்டா போடுங்க, ரீடிங் போயிடும்" என்று மேனேஜர் கிரண் கண்ணாடி அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். அவள் பட்டைக்கு அடியில் டிஷ்யூ பேப்பரை மடித்துச் செருகினாள். எதிரே திரை, திரைக்கு மேல் முகத்தைப் பார்க்கும் கேமரா. ஆறு மேசைகளிலும் ஆறு பேர் ஒரே சமயத்தில் விளையாட ஆரம்பித்தார்கள்.

தொம்மலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. ஆறு பேருக்கும் ஆறு மாதக் காண்ட்ராக்ட். வேலை என்னவென்றால், வீடியோ கேம் ஆடுவது. அவள் குடியிருந்த லிங்கராஜபுரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள், "உனக்கென்னம்மா, வெளையாடறதுக்குச் சம்பளம்" என்று அவளைக் கிண்டல் செய்தார்கள். எட்டு மணி நேரம் ஒரே ஆட்டத்தை ஆடிப் பார்த்தால் தெரியும், விளையாட்டு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதென்று.

ஆட்டம் ஒரு பாழடைந்த துறைமுகத்தில் நடந்தது. கோடரி வைத்திருக்கும் ஒருவன் காவல்காரர்களை வெட்டிக்கொண்டு உள்ளே போய், மதகைத் திறந்து, தண்ணீரை ஏற்றி, தரைதட்டிக் கிடக்கும் படகை வெளியே கொண்டுவர வேண்டும். இதையே இரண்டு விதமாகச் செய்து வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றையும் ஒரு பில்டு என்பார்கள். ஒன்றில் வெட்டுப்பட்டவன் புகையாகிக் கலைந்துபோவான். இன்னொன்றில் கழுத்து பிளந்து ரத்தம் திரை முழுக்கத் தெறித்து வழியும். மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றே. எது ஆடுகிறவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று வெளிநாட்டு க்ளையன்ட்டுக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் டேப்லெட்டில் ஒரு கேள்வி வரும்: எவ்வளவு ரசித்தீர்கள், ஒன்று முதல் ஏழு வரை. முதலாவதற்கு வெஜ் பில்டு, இரண்டாவதற்கு நான்-வெஜ் பில்டு என்று ஆறு பேரும் பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் வெஜ், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் நான்-வெஜ். நாள் தவறாமல் அதே வரிசை.

முதல் இரண்டு நாள் கழுத்து பிளக்கும்போது ஆஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து கறிக்கடையில் முறைக்கு நிற்பது போல ஆகிவிட்டது. பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. அவளுக்குப் பிடித்தது மதகுதான். சக்கரத்தைச் சரியான நேரத்தில் திருப்பினால் தண்ணீர் கிறுகிறுவென்று ஏறும், படகு முனகிக்கொண்டு மெல்ல நிமிரும். அது இரண்டு பில்டிலும் ஒரே மாதிரிதான். அதனால் முதல் வாரம் இரண்டுக்கும் ஐந்து போட்டாள்.

பக்கத்து மேசை ஷோபா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நீலசந்திரா ஏரியாக்காரி, ஏழு வருஷம் கால் சென்டரில் இருந்துவிட்டு வந்தவள்.

"ரெண்டுக்கும் அஞ்சா? ஏ, உனக்கு புத்தி கித்தி இருக்கா? ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் நம்மள எதுக்கு வச்சிருப்பான்? சும்னே உக்கார வச்சு சோறு போடுவானா?"

"நெஜமா அப்படித்தான் இருக்கு ஷோபா."

"இருக்கட்டும். வெஜ்ஜுக்கு மூணு போடு, நான்-வெஜ்ஜுக்கு ஏழு போடு. வெட்டும்போது லைட்டா பல்லக் காட்டு, கேமரா பாக்குதுல்ல. வெளிநாட்டுக்காரனுக்கு ரத்தம்தான் வேணும். இல்லாட்டி எதுக்கு அவ்ளோ செலவு பண்ணி ரத்தம் வரைவான்?"

"உனக்கு அது புடிக்குதா?"

"யாருக்குத் தெரியும்? புடிக்குதான்னு பாக்க எங்க விடறாங்க?"

அன்றிலிருந்து ஆஞ்சலாவும் ஏழு போட்டாள். போட்டாளே தவிர நிம்மதி இல்லை. ஷோபா தன் டேப்லெட்டை மட்டும் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிரப்புவதை அவள் கவனித்தாள். எனக்கு ஏழு போடச் சொல்லிவிட்டு அவள் வேறு எதையோ போடுகிறாளா? கிரண் சாரோடு மாடிப்படியில் நின்று டீ குடிக்கிறாளே, என்ன பேசுவார்கள்? ஒருநாள் ஆஞ்சலா அந்தப் பக்கம் போனதும் இருவர் பேச்சும் நின்றது. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவளைச் சந்தேகப்படுவது பாவம் என்று ஆஞ்சலாவுக்குத் தெரியும். ஆனால் ஆறு பேரில் இரண்டு பேரைத்தான் பர்மனென்ட் செய்வார்களாம். எதை வைத்து என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால், "எல்லாம் டேட்டா பாத்துத்தான்" என்பார் கிரண்.

பர்மனென்ட் ஆனால் குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ் கார்டு உண்டு. அவளுக்கு வேண்டியது அந்தக் கார்டு ஒன்றுதான். அவள் கணவன் நீல் பைக்கில் டெலிவரி போய்க்கொண்டிருந்தவன். மழை நாளில் மூட்டையோடு விழுந்ததில் முதுகெலும்புத் தட்டு நகர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இடதுகால் மரத்தே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக ஹாலில் பாயைப் போட்டு மல்லாந்தபடி கிடந்தான்.

"கைல ஏதோ கட்டறாங்கன்னியே, எதுக்கு அது?" என்று ஒரு ராத்திரி கேட்டான்.

"நாடி பாக்கறதுக்கு."

"பாத்து?"

"நான் சந்தோஷமா ஆடறனான்னு தெரிஞ்சுக்குவாங்களாம். வேகமா அடிச்சா நல்லா ரசிக்கறேன்னு அர்த்தமாம்."

நீல் சிரிக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "டிராஃபிக் போலீஸ் வண்டிய ஓரங்கட்டச் சொன்னாக்கூடத்தான் எனக்கு வேகமா அடிக்குது. அதும் ரசிக்கறதா? கேழ்வரகுல நெய் வடியுதுன்னா இவனுங்க கிண்ணம் எடுத்துட்டு வருவானுங்க போல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த புதன்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது.

பர்மனென்ட் பட்டியல் தயாராகிறது என்று முந்தைய நாளே பேச்சு கிளம்பிவிட்டிருந்தது. காலை முழுக்க கிரணுக்கு வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். எப்போதும் போல மத்தியானம்தான் அறையை விட்டு வெளியே வந்தார். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது அவர் வழக்கம். ஆஞ்சலா காவல்காரன் ஒருவனை நெருங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய ஷூ சத்தம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. திரையின் ஓரத்தில் அவர் நிழல் தெரிந்தது. கையில் மடித்த காகிதம். பட்டியலாக இருக்குமோ? நாடி காதுக்குள் வேகமாக அடித்தது. கை தானாகக் கோடரியை வீசியது, ரத்தம் வழிந்தது, ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் கிரண் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"நோடி, பாருங்க ஆஞ்சலா, இந்த கிராஃப். காலைல வெஜ்ல எண்பது, எண்பத்திரண்டு, அவ்ளோதான். தூங்குது. மத்தியானம் பாருங்க, மூணு பத்துக்கு நூத்திப் பதினெட்டு! கரெக்டா அந்தக் கழுத்து வெட்டு. மத்தவங்க ஃபார்ம்ல ஏழு போடறாங்க, பாடில ஒண்ணும் இல்ல. நடிக்கறாங்க. உங்க பாடி பொய் சொல்லல."

கோடு அந்த இடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. மூன்று பத்து. அவர் வந்து நின்ற நேரம். அதற்கு முந்தைய நாளும், அதற்கு முந்தைய நாளும் மத்தியானக் கோடுகள் எங்கெங்கே ஏறியிருக்கின்றன என்று அவள் பார்த்தாள். எல்லாம் அவர் ஷூ சத்தம் வந்த நேரங்களாகத்தான் இருக்கும். ரத்தத்துக்கு இல்லை சார், உங்களைப் பார்த்துத்தான் அடித்தது என்று சொல்ல வாய் திறந்தாள்.

"சார், அது வந்து..."

"போன வாரத்து கிராஃபெல்லாம் க்ளையன்ட்டுக்கு அனுப்பிட்டேன். ரொம்ப ஹேப்பி. இப்படியே போனா லிஸ்ட்ல உங்க பேர்தான் ஃபர்ஸ்ட்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நெஞ்சு உறுத்தியது. பொய் சொன்னது அவளா, பட்டையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனாலும் நீலிடம், "கார்டு வந்துரும் போலருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவன் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எந்தெந்தக் கார்டு செல்லும் என்று விசாரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் தானே எழுந்து உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு பேரையும் கிரண் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"நல்ல நியூஸ். க்ளையன்ட் முடிவு பண்ணிட்டாங்க. ஃபுல் ப்ளட். வெஜ் பில்டு இனிமே கிடையாது."

யாரோ கை தட்டினார்கள். கிரண் கையைக் காட்டி அமர்த்தினார்.

"அதனால ரெண்டையும் கம்பேர் பண்ற டெஸ்டிங்கும் இனிமே தேவைப்படாது. இன்னைக்கு உங்க எல்லாருக்கும் லாஸ்ட் டே."

ஷோபாதான் முதலில் பேசினாள். "ரெண்டு பேர பர்மனென்ட் பண்றதா இருந்துச்சே சார்?"

"டெஸ்டிங் கண்டினியூ ஆனா பண்ணலாம்னு இருந்துச்சு. டிசிஷன் இவ்ளோ சீக்கிரம் வரும்னு எனக்கும் தெரியாது. டேட்டா அவ்ளோ க்ளியரா இருந்துச்சு." கிரண் ஆஞ்சலாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் பாராட்டு இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஸ்பெஷலி உங்களோடது."

ஷோபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி பண்ண நீ?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கண்ணில் சந்தேகம் இருந்தது. இத்தனை நாள் தான் அவளைப் பார்த்த அதே பார்வை என்று ஆஞ்சலாவுக்குப் புரிந்தது.

மற்றவர்கள் பையை எடுக்கப் போனார்கள். கிரண் ஆஞ்சலாவை மட்டும் நிறுத்தினார்.

"ஒரு சின்ன ஹெல்ப். க்ளையன்ட் நேர்ல வந்திருக்காங்க, கான்ஃபரன்ஸ் ரூம்ல இருக்காங்க. நீங்க ஒரு பத்து நிமிஷம் ஆடிக் காட்டணும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல அவர்கிட்டயே கையெழுத்து வாங்கித் தரேன்."

இன்னொரு வேலை தேட அந்தக் கடிதம் வேண்டும். அவள் போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய திரை. பக்கத்தில் இன்னொரு திரையில் அவளுடைய நாடி எண் பெரிதாகத் தெரிந்தது. நீளமேசையைச் சுற்றி நான்கு பேர், மேசையின் முனையில் நரைத்த தாடி வைத்த வெளிநாட்டுக்காரர். அவர் அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. துறைமுகத்து வாசல். ஆள் நடமாட்டம் இல்லாத முற்றம், தூரத்தில் மதகு. அவள் விசையைத் தொடவில்லை. கோடரிக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான். நீல் இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், கார்டு எப்போ வரும் என்றுதான் முதலில் கேட்பான். என்ன சொல்வது?

பக்கத்துத் திரையில் எண் தொண்ணூற்றாறு ஆனது. நூற்றிரண்டு. நூற்றுப் பதினொன்று.

தாடிக்காரர் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்தார். "பாருங்கள்" என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இன்னும் ஒருத்தனைக்கூட வெட்டவில்லை. அதற்குள் இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஆவல்!"

எண் நூற்று இருபத்தேழுக்குப் போனது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.