கேட்காமல் செய்த நல்லது

எங்கள் சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரித் துணிதான் வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்குவார்கள். உருளைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் முகம் வெந்துவிடும். ஜன்னல் ஓரத்து மடிப்பு மேசையில்தான் கொஞ்சம் காற்று வரும். அங்கே ஒரே ஒரு ஸ்டூல் கிடக்கிறது.

அந்த ஸ்டூலில் யார் உட்காருவது என்பதைத் தான் முடிவு செய்வதாக மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். முடிவு செய்வது பெரியக்கா. எங்களில் வயதில் மூத்தவர். எந்தப் பெண்ணுக்காவது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவர் கண்ணில் பட்டால் போதும், மறுநாள் காலையில் அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டால் அந்தப் பெண் கூச்சப்படுவாள் என்பது அவர் எண்ணம். என்னையும் அப்படித்தான் ஒரு காலத்தில் உட்கார வைத்தார், எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவளைப் பார்த்தாலே ஆலை முழுவதற்கும் சேதி தெரிந்துவிடும்.

சின்னவளை அவர் உட்கார வைத்த அன்று நான் பிழியும் இயந்திர வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முதல் நாள் வெளுப்பு மருந்து வாடை தாங்காமல் அவள் குழாயடிக்கு ஓடியதைப் பெரியக்கா பார்த்திருக்கிறார். வேலை முடித்து நான் திரும்பிப் பார்த்தபோது சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மடித்த உறையையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று அவள் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தாள். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

மதியத்துக்குள் சேதி பாய்லர் அறைக்குப் போய்விட்டது. பாய்லர் பார்ப்பது என் கொழுந்தன்தான். அவன் ஆலைக்கே டீ வாங்கிக் கொடுத்தான். மேற்பார்வையாளருக்கும் ஒன்று.

சாயங்காலம் வீட்டில் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது சின்னவள் அவனிடம் பிள்ளை வேண்டாம் என்று சொன்னாள்.

“எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேனே,” என்றான்.

“டீ வாங்கினதுக்காகப் பெத்துக்கணுமா?”

அவன் கெட்டவன் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். போன பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போனபோது ஆஸ்பத்திரி நடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன் அவன். அன்று அவள் கிடந்த விரிப்பு எங்கள் ஆலைக்குத்தான் வந்திருக்கும். எங்களில் யாரோ ஒருத்திதான் அதை அலசியிருப்பாள். அதை நினைவுபடுத்தலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவனே எழுந்து வந்து, “உனக்கு முடியாதுன்னா வேணாம்,” என்றான். “வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு உசிர் போற மாதிரி இருக்கணுமா?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி என்னிடமே வெகுநாள் இருந்தது.

மறுநாள் அவள் நேராக உருளைக்குப் போய் நின்றாள். பெரியக்கா வந்து கையைப் பிடித்தார்.

“அக்கா, நான் கேட்டேனா?” என்றாள் சின்னவள்.

நல்லது செய்தால் குற்றமா என்று பெரியக்கா முணுமுணுத்துக்கொண்டு போனார். பிறகு விஷயம் மெல்லக் கசிந்து, சிலர் ஜாடையாகப் பேசினார்கள், சிலர் சின்னவளோடு பேச்சையே விட்டார்கள். பெரியக்கா இரண்டையும் செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதுபவர் காரணம் கேட்டார். இரண்டு பிள்ளைகள் என்றாள். அது காரணமா என்றார். போன பிரசவத்தைச் சொன்னாள். கடைசியில் அவர், “சட்டத்துல இடம் இருக்கும்மா. இங்க செய்யறதில்ல,” என்றார். புதிதாக வந்த தலைமை டாக்டருக்கு அதில் இஷ்டமில்லையாம், அதனால் நிறுத்திவிட்டார்களாம். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டோம். அவர்கள் காரணம் எதுவும் கேட்கவில்லை. சொன்ன தொகைக்கு வீட்டில் எல்லாருடைய சம்பளத்தையும் ஒரு மாதம் அப்படியே வைத்தாலும் போதாது. அவர்கள் துணியையும் நாங்கள்தான் துவைக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் ஒருத்தி மாத்திரை தருவாள் என்று யாரோ சின்னவள் காதில் போட்டார்கள். என்ன மாத்திரை, எந்த அளவு என்று கேட்டால் தருபவளுக்கே தெரியாது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாள் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சங்கத்துச் செயலாளர் ஒரு சேதி கொண்டுவந்தார். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் கருக்கலைப்பைக் காசில்லாமல் செய்து கொடுக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியும் முடியாது என்று சொல்லக் கூடாது, பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். அதற்கான குழு பெருநகரத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் பேச்சைக் கேட்கிறது. சங்கத்தின் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவள் என்பதால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, சின்னவளின் ரத்தப்போக்கை முதலில் போடு, கேட்பவர்கள் மனம் இளகும் என்றார்.

சின்னவளிடம் சொன்னேன். “என் ரத்தம் மட்டும் வேணும், என் பேச்சு வேணாமா அவருக்கு? என் கதைய எழுதாதீங்க அக்கா,” என்றாள். எழுதவில்லை.

பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் காசு வாங்காமல் செய்கிறார்கள் என்று துணி வண்டி ஓட்டுநர் சொல்லியிருந்தார். சங்கம் பிடித்த வேனிலேயே சின்னவளையும் ஏற்றிக்கொண்டோம். பாய்லரை விட்டு வரக் கொழுந்தனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வேன் பக்கத்தில் வந்து, “பாத்துக்கங்க அண்ணி,” என்று சொல்லிவிட்டு நின்றான். வேனுக்குள் கடைசி இருக்கையில் பெரியக்கா உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. “எடம் காலியாத்தானே கெடக்கு,” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது, முடியும் வரை கூட ஒருவர் இருந்தாக வேண்டும். குழு கூடுவதும் அதே நேரம். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் காகிதத்துக்காக எத்தனை நாள் விரல் வலித்திருக்கிறது. அதைப் பெரியக்காவிடம் நீட்டினேன், யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று.

“நீ உள்ள போ,” என்றார். “எனக்குக் காகிதம் எதுக்கு? விசிறிக்கவா?”

உள்ளே ஒரு நர்ஸ் சின்னவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார், எப்படிச் செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், அப்புறம் எதைக் கவனிக்க வேண்டும் என்று. கடைசியில், “இது உங்க முடிவுதானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்று கேட்டார். சின்னவள் ஆமாம் என்றாள், தன் முடிவுதான் என்றாள். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். அடுத்த கேள்வி வரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முடிந்து படுத்திருந்தபோது முகம் வெளுத்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“மடிப்பு கோணல்,” என்றாள். “நம்ம மேற்பார்வையாளரா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பாரு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நர்ஸிடம் நன்றி சொன்னேன். நன்றியெல்லாம் பெரிய டாக்டருக்குச் சொல்லுங்கள் என்றார். அவர் நல்லவர், அதனால்தான் இங்கே நடக்கிறதாம். சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறார், பிறகு வருபவர் எப்படியோ தங்களுக்கே தெரியாது என்றார். நல்லவர் இருக்கும் ஊரில் கிடைக்கிறது, இல்லாத ஊரில் கிடைப்பதில்லை. ஒரு பெண்ணின் உடம்பு எந்த டாக்டர் எந்த ஊருக்கு மாற்றலாகிறார் என்பதையா பார்த்துக்கொண்டிருக்கும்?

திரும்பும்போது சின்னவளை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, குழுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். காசில்லாமல் செய்தால் எல்லாரும் வரிசையில் வந்து நின்றுவிட மாட்டார்களா என்று குழுத் தலைவர் கேட்டிருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் பல்லைக்கூடச் சும்மாதான் பிடுங்குகிறார்கள், அதற்காக எல்லாருமா போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம் என்று பெரியக்கா திருப்பிக் கேட்டாராம். தலைவரே சிரித்துவிட்டாராம்.

“அப்புறம் என்ன சொன்னீங்க?” என்று சின்னவள் கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள். விழித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியக்கா அவள் பக்கம் திரும்பினார். “கேக்காம நல்லது செய்யிற ஆளு நானு, அப்படிச் செஞ்சு ஒருத்திய மாட்டிவிட்டேன்னு சொன்னேன். நீங்களும் அந்தத் தப்பச் செய்யாதீங்க, அவளக் கேளுங்க, அவ சொல்றதச் செய்யுங்க, அதச் சட்டத்துல எழுதுங்கன்னு சொன்னேன்.”

“என் பேரு?”

“உன் பேரு எதுக்குடி அவங்களுக்கு?”

சின்னவள் கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

அந்தச் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு அடுத்த கூட்டத்தில் என்றார்கள், அடுத்த கூட்டம் தள்ளிப்போய்விட்டது. சின்னவள் தேறி வேலைக்கு வந்துவிட்டாள். டீ குடித்தவர்களில் ஒருவன் என்னாயிற்று என்று கொழுந்தனிடம் நக்கலாகக் கேட்டானாம். “அவ வேணாம்னா. அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டுப் பாய்லர் மீட்டரைப் பார்க்கப் போய்விட்டானாம்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் துணி பிரிக்கும் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன்பு சின்னவளோடு பேச்சை விட்டவர்களில் அவளும் ஒருத்தி. தட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெருநகரத்து ஆஸ்பத்திரி ரொம்பத் தூரமா என்று கேட்டாள்.

தூரம்தான் என்றேன்.

“அந்தப் பெரிய டாக்டர் இன்னும் இருக்காரா?”

அது எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கே கிளம்பலாமா என்று மட்டும் கேட்டேன்.