அக்கா கத்தினாள், தங்கைக்குச் சிவப்பு அட்டை

பதினோரு வருடமாக அந்தப் பயிற்சியாளர் எந்த நடுவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் தண்ணீர், மருந்துப்பெட்டி, சீருடை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அணி மேலாளர் அவளுடைய சொந்த அக்கா. அக்காவின் வாய்க்குப் பூட்டு கிடையாது.

துணி ஆலைப் பெண்கள் கால்பந்து அணியின் லீக் ஆட்டம். எண்பதாவது நிமிடத்தில் இவர்கள் வீராங்கனையை எதிரணியினர் கோலுக்கு முன்னால் பிடித்துத் தள்ளினார்கள். நடுவர் விசில் ஊதவில்லை.

"கண்ணு தெரியலன்னா விசிலைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்யா!"

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று பெஞ்சுக்கு வந்தார். "யாரு கத்தினது?"

அக்கா குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். போட்டிருந்ததோ செருப்பு.

"ஆள் தெரியலன்னா தலைமைப் பயிற்சியாளருக்குத்தான். அதான் விதி." சிவப்பு அட்டை நீண்டது. அதை வாங்கினால் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை.

பேருந்தில் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மேட்ச் வெளிய உட்கார்ந்தா குடியா முழுகிடும்?" என்றாள் அக்கா.

"நீ பேசாத. நீ பேசினதுக்குத்தான் நான் அனுபவிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

"சார், நான் வாயே திறக்கல."

"அப்ப யாருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. என்ன செய்ய, கூடப் பிறந்து தொலைத்தவளாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள்.

கதவு படீரென்று திறந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா உள்ளே வந்தாள். "நான்தான் கத்தினேன். இவ பாவம், வாயில்லாப் பூச்சி. இப்பவும் சொல்றேன், அது பெனால்டிதான்!"

தங்கை நெற்றியில் அறைந்துகொண்டாள்.

குழுத் தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒத்துக்கிட்டது நல்லதும்மா. உங்களுக்கு ரெண்டு மேட்ச் தடை. ஆனா நடுவர் மைதானத்துல குடுத்த அட்டையை நாங்க திருப்பி வாங்க முடியாது. இவங்களுக்கும் ரெண்டு."

அடுத்த ஞாயிறு இருவரும் பார்வையாளர் வரிசையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்குச் சைகைகூடக் காட்டக் கூடாது. ஆலைக் கணக்கர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கால்பந்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

அணி மூன்று கோல் போட்டு ஜெயித்தது.

"பாத்தியாடி, நாம இல்லாமயே ஜெயிச்சிட்டாங்க!" என்று அக்கா கைதட்டினாள்.

தங்கை அவளை முறைத்தாள். "கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா?"